ஒருத்தருக்கு ஆசை... இன்னொருத்தருக்கு அலுப்பு! கோர்ட்டு வரை போகும் படுக்கையறை சண்டை: காரணம் என்ன? வழி என்ன?

மதுரை:

கல்யாணமாகி 10 வருஷம், 15 வருஷம் ஆன தம்பதிகள் சண்டை என்று வந்து நிற்கும்போது வெளியே சொல்லும் காரணம் ஒன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் காரணம் வேறாக இருக்கும்.

"செலவுக்கு காசு தர்றதில்லை", "எங்க அம்மாவை மதிக்கிறதில்லை", "எந்நேரமும் செல்போனும் கையுமா இருக்கா" என்று பெரியவங்க முன்னால் சொல்வார்கள். கிண்டிக் கேட்டால் பாயை தனித்தனியாக விரித்து மாசக்கணக்கில் ஆகியிருக்கும். அதைத்தான் வாய் விட்டு சொல்ல மாட்டார்கள்.

ஒருத்தருக்கு ஆசை இருக்கும். இன்னொருத்தருக்கு இருக்காது. அல்லது ஒருத்தருக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு முறை வேணும், இன்னொருத்தருக்கு மாசத்துக்கு ஒரு முறையே போதும். நீண்ட நாள் குடித்தனத்தில் இது ரொம்ப சகஜம். இது நோயும் இல்லை, குற்றமும் இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் பேசாமல் மூடி வைத்தால் சந்தேகம் வருகிறது. சந்தேகம் சண்டையாகிறது. சண்டை அடிதடியாகி, கடைசியில் கோர்ட்டு வாசலில் போய் நிற்கிறது.

அங்கே போன பிறகுதான் ஒரு உண்மை பலருக்கு தெரிய வருகிறது. ஆசையை அதட்டியும் வாங்க முடியாது. கோர்ட்டு ஆர்டர் போட்டும் வாங்க முடியாது.

ஒத்தை ரூம் குடித்தனம்

மதுரை காளவாசலில் தேனி ரோடும் பைபாஸ் ரோடும் சந்திக்கின்றன. சுற்றிலும் பொன்மேனி, பெத்தானியாபுரம், அரசரடி, ஆரப்பாளையம். லோடுமேன், ஆட்டோ டிரைவர், கொத்தனார், சித்தாள், ஜவுளிக்கடை சேல்ஸ்மேன், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று அன்றாடம் உழைத்து சாப்பிடும் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி.

உதாரணத்துக்கு இங்கே ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். ஒத்தை ரூம், ஓரத்தில் அடுப்படி. கட்டிலில் மாமியார் படுத்திருக்கிறார். தரையில் வயசுக்கு வந்த பிள்ளைகள். புருஷன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வரும்போது ராத்திரி 11 மணி. பொண்டாட்டி காலை 4½ மணிக்கே எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை பள்ளிக்கூடம் அனுப்பி, வேலைக்கும் போய் வந்தவர்.

அவர் கையைப் பிடிக்கிறார். "சும்மா இருங்க, பிள்ளைக முழிச்சுக்கும். எனக்கு அலுப்பா இருக்கு" என்று இவர் திரும்பிப் படுக்கிறார். அவருக்கு, "என்னை இவளுக்கு பிடிக்கலை" என்று தோன்றுகிறது. இவருக்கு, "பகல் பூரா ஒரு வார்த்தை பேசலை, ராத்திரி மட்டும் நான் வேணுமாக்கும்" என்று தோன்றுகிறது.

ரெண்டு பேர் நினைப்பதிலும் அவரவர் நியாயம் இருக்கிறது. ஆனால் ரெண்டு பேரும் அதை ஒருத்தருக்கொருத்தர் சொல்வதில்லை. இப்படி பத்து ராத்திரி போனால் பதினோராவது ராத்திரி அவர் கையை நீட்டுவதே இல்லை. பக்கத்தில் உட்காருவது, தோளைத் தொடுவது, சிரித்துப் பேசுவது எல்லாமே நின்று விடுகிறது. தொட்டால் "அதுக்குத்தான்" என்று நினைத்து விடுவாரோ என்று அந்தப் பெண்ணும் ஒதுங்குகிறார்.

தாம்பத்யம் குறைவதை விட இந்த ஒதுங்கல்தான் குடும்பத்தை அதிகம் அரிக்கிறது.

ரெண்டு வகை ஆசை

ஆசை என்பது பசி மாதிரி தானாக வர வேண்டும், வராவிட்டால் அன்பு இல்லை என்று அர்த்தம் என பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

கனடாவை சேர்ந்த டாக்டர் ரோஸ்மேரி பேசன் 2000-ம் ஆண்டு ஒரு விளக்கத்தை வெளியிட்டார். நீண்ட நாள் குடித்தனத்தில் உள்ள பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை. நிம்மதியான நேரம், அன்பான பேச்சு, அவசரமில்லாத தொடுதல் எல்லாம் வந்த பிறகுதான் ஆசை எழும்புகிறது என்பது அந்த விளக்கம். சில ஆண்களுக்கும் வயசாக வயசாக இப்படித்தான்.

அதாவது ஒருத்தருக்கு ஆசை வந்து தொடுகிறார். இன்னொருத்தருக்கு தொட்ட பிறகுதான் ஆசை வருகிறது. இது தெரியாமல், "உனக்கு எப்பவுமே இஷ்டம் இல்லை" என்று ஒருத்தரும், "உங்களுக்கு எப்பவும் இதே நினைப்பு" என்று இன்னொருத்தரும் குற்றம் சாட்டிக் கொள்கிறார்கள்.

காளவாசல் என்றாலே செங்கல் சூளைதான். சூளை வைத்தவர்களுக்கு தெரியும், தீ மூட்டிய உடனே செங்கல் வேகாது. மெதுவாக சூடு ஏற வேண்டும். குடித்தனமும் அப்படித்தான்.

பெண்களுக்கு உடம்பில் என்ன?

"வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணுக்கு பல நேரம் மனசில் வெறுப்பு இல்லை. உடம்பில்தான் பிரச்சினை.

பிரசவத்துக்கு பிறகு, தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கும். இதனால் பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது எரிச்சலும் வலியும் வரும். தையல் போட்ட இடமும் வலிக்கலாம். மாதவிலக்கு நிற்கும் வயசிலும் இதே வறட்சி வரும். வெள்ளைப்படுதல், கிருமித் தொற்று, கர்ப்பப்பை இறக்கம், தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் ஆசையைக் குறைக்கும்.

வலிக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் "வலிக்குது" என்று புருஷனிடம் சொல்ல கூச்சம். டாக்டரிடம் சொல்ல அதை விட கூச்சம். இதில் பலதும் பரிசோதனை செய்து மருந்து, ஜெல் கொடுத்தாலே சரியாகக் கூடியவை.

ஆண்களும் ஒதுங்குகிறார்கள்

பெண்கள்தான் மறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 40 வயசைத் தாண்டிய பிறகு ஒதுங்கும் ஆண்களும் நிறைய. லேட்டாக வருவது, டி.வி. முன்னாலேயே தூங்கி விடுவது, மொட்டை மாடியில் போய் படுப்பது என்று தப்பிப்பார்கள். "இவருக்கு வேற எங்கேயோ தொடுப்பு இருக்கு" என்று மனைவி சந்தேகப்படுவார். பல வீடுகளில் அந்த தொடுப்பின் பெயர் சர்க்கரை நோய்!

சர்க்கரை நோய் நரம்பையும் ரத்தக்குழாயையும் கெடுக்கிறது. இதனால் விறைப்பு குறைகிறது. ரத்தக்கொதிப்பு, பீடி-சிகரெட், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து கொள்ளும். சாராயம் தைரியம் கொடுக்கும் என்று நினைத்து டாஸ்மாக் போகிறவர்கள் உண்டு. குடி கூச்சத்தைத்தான் போக்கும். விறைப்பைக் கெடுக்கும். தினமும் குடித்தால் ஆண்மைக்கான ஹார்மோனையே குறைத்து விடும். குடி நாற்றம் அடிக்கும் புருஷனை மனைவி ஒதுக்குவது தனிக்கதை.

இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இருதய ரத்தக்குழாயை விட சின்னது. அதனால் அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். விறைப்புக் குறைவு, பின்னால் வரப்போகும் மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

சில பிரஷர் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகியவற்றாலும் ஆசை குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தி விடக்கூடாது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தர வழி இருக்கிறது.

இன்னொரு பொய்யும் உலவுகிறது. ஆண்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தால் "சக்தி போயிடும்" என்பது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அதில் கட்டுகிறார்கள். ஆசையும் குறையாது, விறைப்பும் குறையாது.

லாட்ஜ் வைத்தியர்கள் உஷார்!

இந்தக் கூச்சத்தை காசாக்க ஒரு கூட்டமே இருக்கிறது. "ஆண்மைக்குறைவா? 15 நாளில் குணம்" என்று பஸ் ஸ்டாண்டு கழிவறையில் நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு, லேகியம், பஸ்பம் என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். ஏமாந்தவர் போலீசுக்கு போக மாட்டார், வெளியே சொல்ல வெட்கப்படுவார் என்பதுதான் அவர்கள் மூலதனம்.

ஆண்மையை பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். இதற்கென மருந்து மற்றும் மாயத்தீர்வு விளம்பர தடை சட்டம் 1954-ம் ஆண்டிலேயே கொண்டு வரப்பட்டு விட்டது.

மெடிக்கல் ஷாப்பில் வயாகரா வகை மாத்திரையை சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவதும் ஆபத்து. நெஞ்சு வலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மாத்திரையால் ஆசை வராது என்பதும் பலருக்கு தெரியாது. ரத்த ஓட்டத்துக்குத்தான் அது உதவும்.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

தாம்பத்யத்துக்கு மறுப்பது விவாகரத்துக்கு காரணமாகுமா? ஆகலாம். ஆனால் பலர் நினைக்கிற மாதிரி இல்லை.

2007-ம் ஆண்டு மேற்கு வங்காள தம்பதி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, எதெல்லாம் மனரீதியான கொடுமை என்பதற்கு சில உதாரணங்களை வரிசைப்படுத்தியது. உடல்நலக் குறைவோ நியாயமான காரணமோ இல்லாமல், ஒருத்தர் மட்டும் தானாக முடிவெடுத்து நீண்ட காலம் உறவை மறுப்பது அதில் ஒன்று. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் இது பொது.

2014-ம் ஆண்டு சென்னை தம்பதி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு இதையே சொன்னது. 2005-ம் ஆண்டு கல்யாணமாகி லண்டனில் குடியிருந்தவர்கள் அவர்கள். கணவருக்கு சென்னை ஐகோர்ட்டு கொடுத்த விவாகரத்தை சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. ஆனால் மனைவிக்கு ரூ.40 லட்சம் ஜீவனாம்சம் தரவும் உத்தரவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தைகள் "நீண்ட காலம்", "நியாயமான காரணம் இல்லாமல்" என்பவை. பத்து நாள் மறுத்தால் கொடுமை ஆகாது. வலி, நோய், பிரசவம், அடி-உதை இருக்கும் வீட்டில் மறுப்பதற்கு நியாயம் உண்டு.

சேர்த்து வைக்க முடியுமா?

"என் பொண்டாட்டியை என்னோடு சேர்த்து வைங்க" என்றும் வழக்கு போடலாம். இந்து திருமண சட்டம் 9-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மனைவியும் புருஷன் மீது போடலாம்.

1983-ம் ஆண்டு சினிமா நடிகை ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் ஆந்திர ஐகோர்ட்டு, இந்தப் பிரிவே செல்லாது என்று அதிரடி தீர்ப்பு கொடுத்தது. விருப்பமில்லாத பெண்ணை உறவுக்குத் தள்ளுவது அவளுடைய உடம்பின் மீதான உரிமையைப் பறிப்பது என்றது. அடுத்த ஆண்டே, 1984-ல், சுப்ரீம் கோர்ட்டு இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லி விட்டது.

ஆனால் ஆர்டர் வாங்கினாலும் போலீசை வைத்து யாரையும் இழுத்து வந்து விட முடியாது. ஆர்டரை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். ஒரு வருஷம் ஆகியும் சேரவில்லை என்றால் விவாகரத்து கேட்கலாம். அவ்வளவுதான். ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கச் சொல்லத்தான் கோர்ட்டால் முடியும். மனசு சேர கோர்ட்டில் ஆர்டர் இல்லை.

மதுரை ஐகோர்ட்டு தீர்ப்பு

நம்ம மதுரை ஐகோர்ட்டு கிளையில் 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு தீர்ப்பு வந்தது. கரூரை சேர்ந்த ஒருவர், மனைவி தனியாக ஆபாச படம் பார்க்கிறார், சுய இன்பம் செய்கிறார் என்பது உள்பட பல குற்றச்சாட்டுகளை சொல்லி விவாகரத்து கேட்டார். கரூர் குடும்பநல கோர்ட்டு மறுத்ததால் மதுரைக்கு அப்பீல் வந்தார்.

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், ஆர்.பூர்ணிமா ஆகியோர் அப்பீலை தள்ளுபடி செய்தனர். ஆண்கள் செய்தால் சகஜம் என்று ஏற்கும் சமூகம், பெண் செய்தால் மட்டும் களங்கம் சொல்ல முடியாது. கல்யாணமான பிறகும் ஒரு பெண்ணின் தனித்தன்மை போய்விடாது என்று தீர்ப்பில் கூறினர். ஆபாச படம் பார்ப்பது நாளடைவில் மனசைக் கெடுக்கும் என்பதையும் சொன்னார்கள். துணையை பார்க்கச் சொல்லி கட்டாயப்படுத்தினால் அது கொடுமைதான். ஆனால் தனியாக பார்ப்பது மட்டுமே விவாகரத்துக்கு காரணம் ஆகாது என்பது தீர்ப்பு.

பெண்ணுக்கும் ஆசை உண்டு, அது அவளுடையது என்பதை ஐகோர்ட்டே எழுதி வைத்ததால் இந்த தீர்ப்பு நாடு முழுவதும் பேசப்பட்டது.

பலவந்தம் கூடாது

"தாலி கட்டியவன், எனக்கு உரிமை இல்லையா?" என்று பலவந்தம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 18 வயசுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் பலவந்தமாக உறவு கொள்வதை கற்பழிப்பு குற்றமாக சட்டம் எடுத்துக் கொள்வதில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவிலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. இதை எதிர்த்த வழக்கில் 2022-ம் ஆண்டு டெல்லி ஐகோர்ட்டு நீதிபதிகள் இருவர் ஆளுக்கொரு தீர்ப்பு கொடுத்ததால், விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது.

அதற்காக மனைவிக்கு பாதுகாப்பே இல்லை என்று நினைக்கக் கூடாது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்க்கப்பட்டுள்ளது. பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம். பிரிந்து வாழும் மனைவியிடம் பலவந்தம் செய்தால் 2 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயந்து போய் சம்மதிக்கும் பெண்ணுக்கு அடுத்த முறை ஆசை வருமா? இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போய் விடும்.

என்னதான் செய்வது?

முதலில் பேச வேண்டும். படுக்கையில், மறுப்பு வந்த அந்த நிமிஷத்தில் பேசக்கூடாது. அப்போது ரெண்டு பேருக்குமே சுருக்கென்று கோபம் வரும். பகலில், டீ குடிக்கும் நேரத்தில், பிள்ளைகள் வெளியே போன பிறகு பேசலாம். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்காமல், "எனக்கு இப்படி இருக்கு, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.

வேண்டாம் என்று சொல்கிறவர் காரணத்தையும் சேர்த்து சொன்னால் பாதி பிரச்சினை தீரும். "இன்னிக்கு முடியலை, ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்பதற்கும், பேசாமல் திரும்பிப் படுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வேலையை பங்கு போட வேண்டும். சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கொடுக்கும் புருஷன், ராத்திரிக்கு பாதி அலுப்பை குறைத்து விடுகிறார். ஒத்தை ரூமில் குடியிருப்பவர்கள், பாட்டியும் பிள்ளைகளும் கோவிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகும் நேரத்தை தங்களுக்கென்று வைத்துக் கொள்ளலாம். நேரம் குறித்து வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவை சேர்ந்த மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1970-ம் ஆண்டு ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் அதை சொல்லித் தருகிறார்கள். கொஞ்ச நாளைக்கு உறவு கிடையாது என்று ரெண்டு பேரும் முடிவு செய்து கொள்ள வேண்டும். கை பிடிப்பது, தலை கோதுவது, முதுகு தடவுவது மட்டும்தான். "அதுக்குத்தான் தொடுறார்" என்ற பயம் போனதும் நெருக்கம் மெல்லத் திரும்பும்.

ரெண்டு பேர் அளவும் எப்போதும் ஒன்றாகவே இருக்காது. நடுவில் ஒரு இடத்தில் சந்திக்க வேண்டியதுதான். உறவு இல்லாமலே சந்தோஷமாக இருக்கும் தம்பதிகளும் உண்டு. ரெண்டு பேருக்கும் அது சம்மதம் என்றால் அதில் தப்பில்லை.

எங்கே போகலாம்?

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு காட்டலாம். பெண்களுக்கு வலி, வறட்சி என்றால் மகப்பேறு பிரிவு. ஆண்களுக்கு சர்க்கரை, பிரஷர் பரிசோதனையில் இருந்து தொடங்கலாம். மனச்சோர்வு, குடிப்பழக்கம் என்றால் மனநல பிரிவு. புருஷன், பொண்டாட்டி சேர்ந்தே போவது நல்லது. டாக்டர்களுக்கு இது தினமும் பார்க்கிற விஷயம்தான்.

நேரில் போக கூச்சமா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக போன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது இது. அடி-உதை, பலவந்தம் என்றால் பெண்கள் 181-ஐ கூப்பிடலாம். வழக்கு ஏற்கனவே குடும்பநல கோர்ட்டுக்கு போய் விட்டதா? அங்கேயும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால், சேர வழி இருந்தால் காட்டுவார்கள்.

பேசத் தெரியாத ஊரா இது?

2000-களின் தொடக்கத்தில் விஜய் டி.வி.யில் வந்த 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் மறைந்த மனநல டாக்டர் மாத்ருபூதம் இந்த விஷயங்களை சிரிக்க சிரிக்க பேசினார். ராத்திரியில் திருட்டுத்தனமாக பார்த்தவர்கள் கூட, "நமக்கு மட்டும் இல்லை, எல்லா வீட்டுலேயும் இருக்கு" என்று நிம்மதி அடைந்தார்கள்.

அதற்கும் முன்னால் போனால், வள்ளுவர் 1,330 குறளில் 250 குறளை காமத்துப்பாலுக்கு ஒதுக்கி இருக்கிறார். கடைசி அதிகாரமே ஊடலுவகை. மீனாட்சி அம்மன் கோவிலில் தினமும் ராத்திரி பல்லக்கில் சுவாமி அம்மனின் பள்ளியறைக்கு எழுந்தருள்கிறார். குடும்பம் குடும்பமாக நின்று கும்பிடுகிறார்கள்.

அந்த ஊரில் இருந்து கொண்டு, ஒரே பாயில் படுக்கும் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. வக்கீல் பீசும் லேகியக் காசும் மிச்சம்.